உன் மகளுக்கு இன்னும் ‘அ’ வரவில்லையாமே

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்தேன். மகளுக்கு 3 வயது முடிந்துவிட்டது, பென்சிலைக் கொடுத்தால் வீசி எறிகிறாள், எதிர் வீட்டுப் பையன் ‘இசட்’ வரைக்கும் எழுதுகிறான், எல்.கே.ஜி. சேர்க்கை நெருங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். மகளைப் பற்றிய கடிதம் என்று பெயர். பாதிக்கு மேல் எதிர் வீட்டுப் பையன்தான் வருகிறான். அவனை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். நீ உன் மகளின் கையைப் பார்.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்புதான். வயது ஏற ஏற ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பின் முறை வருவதற்குள் பிள்ளை ஆரம்பப் பள்ளியில் பாதி தாண்டியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோட்டுக்குள் வளைவை அடக்கு என்றால் வீசி எறியாமல் என்ன செய்வாள்? நியாயம் அவள் பக்கம்.

‘அப்போ எழுதவே வேண்டாமா?’ என்று குறுக்கே வருவாய், தெரியும். எழுதட்டும். ஆனால் எழுத்து நோட்டில் ஆரம்பிப்பதில்லை. பென்சிலைப் பிடிக்க வேண்டிய மூன்று விரல்களுக்கும் முதலில் பலம் வர வேண்டும். முருங்கைக்கீரை உருவுவதும், பச்சைப் பட்டாணி உரிப்பதும், கோலப்பொடியைக் கிள்ளி எடுத்துக் கோடு இழுப்பதும் அதே மூன்று விரல் வேலைதான். வீட்டில் கீரை ஆயும்போது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், ‘போ, போய் எழுது’ என்று விரட்டுகிறாய். எழுதத்தானடா வந்தாள்!

இது என் சொந்தச் சரக்கு இல்லை. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைகள் குடியிருந்த ஒரு கட்டடத்தில், குழந்தைகளுக்காக ஓர் அறையைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டையும் சுவரையும் நாசம் செய்துகொண்டு திரிந்த பிள்ளைகள் அவர்கள். கட்டடக்காரர்களுக்குச் சுவர் தப்பினால் போதும். அந்த அறையில் மர உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். தூக்க வேண்டுமானால் பென்சில் பிடிக்கிற விரல்களால்தான் தூக்க வேண்டும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் இருந்தன. பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே அவற்றின் ஒலியைச் சொல்வார்கள். பிறகு ஒரு கட்டத்தில் நாலைந்து வயதுப் பிள்ளைகள் சுண்ணக்கட்டியை எடுத்துத் தாமாகவே எழுத ஆரம்பித்தார்கள், வாசிக்கத் தெரிவதற்கு முன்பே.

அங்கே நடந்த இரண்டு விஷயங்களை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்டாமல் போய்விட்டார். வந்து பார்த்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளை எடுத்து வேலையில் இறங்கியிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறதே என்று மாண்டிசோரிக்குத் தோன்றியது. அதன்பின் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகள் வந்தன. இன்னொரு நாள், சத்தம் இல்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று மாண்டிசோரியே கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களைத் திட்டாதவர் இல்லை; துடைக்கச் சொல்லிக்கொடுத்தவர்தான் அதுவரை இல்லை.

உன் வீட்டுக் காலை நேரத்தை எண்ணிப் பார். ‘கொட்டாதே, சிந்தாதே, தொடாதே’ என்று ஓயாமல் சொல்கிறாய். சின்னச் சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதை, வாயை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒரு முறையாவது செய்து காட்டியிருக்கிறாயா? செருப்பு வாரை மாட்ட அவள் திணறும்போது, நேரமாகிறது என்று குனிந்து நீயே மாட்டிவிடுகிறாய். அவசர நாளில் சரி. ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்கிறாயே, அன்றைக்கு எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறாய்?

‘ரோமாபுரிக் கதை நமக்கு எதற்கு?’ என்று முணுமுணுக்காதே. அந்த அம்மாள் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்தவர். பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்த வந்த இடத்தில் இரண்டாம் உலகப் போர் வளர்ந்தது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மாரியோவைக் காவலில் வைத்து, தாயின் 70ஆவது பிறந்தநாளையொட்டி விடுவித்தார்கள். கொடைக்கானலில் சில காலம் இருந்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அதனால் நம் தெருவுக்குத் தெரு அவர் பெயரில் பலகை தொங்குவதில் வியப்பில்லை. பலகையைப் பார்த்து மயங்காதே, அதை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குக்கு வருவோம். அவள் நூறு வரை ஒப்பிக்கிறாள் என்று பெருமைப்பட்டிருக்கிறாய். இன்று ஒன்று செய். 6 புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேராக இன்னொரு 6 கொட்டைகளையும் வை. இரண்டும் சமம் என்பாள். அவள் கண்முன்னே இரண்டாவது வரிசையை மட்டும் அகலமாக்கிவிட்டு, எதில் அதிகம் என்று கேள். நீளமானதைக் காட்டுவாள். அவள் மண்டு இல்லை. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே பல குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து, அந்த வயதில் கண் சொல்வதைத்தான் மனம் கேட்கும் என்று காட்டினார். ஆறேழு வயதை ஒட்டி அது மாறும். நீ விளக்கம் சொல்லி மாற்ற முடியாது. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போட்டு அவள் கையே கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பிப்பது வாய்க்கு வரும் பாட்டு. எண்ணுவது வேறு.

‘அப்படியே அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடு என்கிறாயா?’ இல்லையப்பா. எல்லோரும் இடறி விழும் இடம் இது. மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு பொருளும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொருத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. எதை எடுப்பது, எவ்வளவு நேரம் என்பதுதான் குழந்தையின் கையில். உன் வீட்டில் தலைகீழாக இருக்கிறது: டம்ளரைத் தொட அனுமதி இல்லை, போனை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கேள்வி இல்லை. 2 முதல் 4 வயது வரை திரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தே சொல்கிறது.

வீட்டுக்கு யாராவது வந்தால் ‘மாமாவுக்கு ரைம் சொல்லிக் காட்டு’ என்று அவளை நிறுத்தி வைக்கிறாயாமே, அதை இன்றோடு விடு. மாமா காபி குடிக்க வந்தவர். அவள் ‘நேத்து பாட்டி வருவாங்க’ என்று சொன்னால் சிரிக்காதே, திருத்தாதே. ‘ஆமா, நாளைக்கு வருவாங்க, என்ன கொண்டு வருவாங்க?’ என்று கேள். பேச்சு வளரும். ஒன்று மட்டும் கவனி: 2 வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்கக் கூடாது. உன் மகளுக்கு அந்தக் கவலை இல்லை, வாய் உன்னைவிட நீளம்.

ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் உனக்குப் போகாது. ஃபின்லாந்தில் பள்ளிப் படிப்பு தொடங்குவதே 7 வயதில்தான். அந்த நாட்டுக்காரர்கள் யாரும் எழுதத் தெரியாமல் திரியவில்லை.

கடைசியாக, எல்.கே.ஜி. நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்வதாக எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கே குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. 3 வயதுப் பிள்ளையைத் தேர்வு வைத்துச் சேர்க்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை? வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியையும் பார், மூக்கைச் சுளிக்காதே. எந்த இடமானாலும் பணம் கட்டும் முன் காலை 11 மணிக்கு ஒரு முறை போ. அலமாரி குழந்தைக்கு எட்டுகிறதா, டீச்சர் தரையில் உட்கார்கிறாரா, சாமான்கள் தேய்ந்திருக்கின்றனவா, கேட்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று பார். சாமான் புதுக்கருக்கு மாறாமல் பளபளப்பாக இருந்தால் அது உனக்காக வாங்கியது. வகுப்பைப் பார்க்கவே விடமாட்டோம் என்றால் அந்தப் பள்ளி வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்