கடலுக்குக் கட்டும் பை

அன்புள்ள தங்கைக்கு,

நெய்வேலி நகரியத்து மரநிழலில் மயிலையும் மரங்கொத்தியையும் படமெடுத்துப் பழகியவள், இனி கடல் உயிர்களைப் படமெடுக்கப் போகிறாய். நல்ல முடிவு. கடலூர்க் கரையும் பரங்கிப்பேட்டையும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் பை கட்டும்போது கடைக்காரர் சொல்லும் பட்டியலை ஓரமாக வைத்துவிடு. உன் கருவி உப்பை எவ்வளவு தாங்கும், நீ பார்க்கப் போகும் உயிர் உன்னை எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பை தானாக அமையும்.

முதலில் உப்பு. நெய்வேலியில் இருப்பவர்களுக்குத் தூசியைச் சமாளிக்கத் தெரியும். ஊதுகுமிழால் ஊதி, தூரிகையால் தட்டினால் போய்விடும். அந்தப் பழக்கத்தோடு கடலுக்குப் போனால் கேமரா கெடும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. லென்ஸில் தெறித்த திவலை காய்ந்ததும் அந்த உப்பு நுண்ணிய படிகமாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறிவிடும். காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி முனைகள் அரித்துப்போவது இதனால்தான். எனவே நல்ல தண்ணீர் ஒரு பாட்டில், பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துண்டுகள் நான்கைந்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஆகியவை உன் பையில் முதலிடம் பெறட்டும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை ஒற்றி எடுத்த பிறகுதான் உலர்ந்த துணி. ஏசி அறையில் இரவு தங்கினால், காலையில் வெளியே வந்ததும் பையைத் திறக்காதே. குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிந்துவிடும். கருவி வெளிச்சூட்டுக்கு வரும்வரை பை மூடியே இருக்கட்டும்.

எல்லாம் தொலைவில் இருக்குமே, மிகப் பெரிய லென்ஸ் வேண்டாமா என்று கேட்பாய். கோடியக்கரையில் பூநாரைகளைக் கரையில் நின்று எடுக்க அது உதவும். படகில் கதை வேறு. 600 மி.மீ. லென்ஸின் குறுகிய பார்வைக்குள், ஆடும் படகிலிருந்து, ஒரு நொடி மேலே வந்து மறையும் ஓங்கிலைப் பிடிப்பது மிகக் கடினம். முக்காலி வைத்தால் எஞ்சினின் அதிர்வு அதன் வழியாகவே கேமராவுக்கு ஏறும். 100-400 போன்ற ஒரே ஜூம் லென்ஸைக் கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1600-க்கு மேல் வைத்துக்கொள். படகில் லென்ஸ் மாற்றும் வேலையும் இல்லாமல் போகும். மிச்சமாகும் இடத்தில் குடிநீரும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வை. குமட்டல் வரும் உடம்பென்றால் மருத்துவரைக் கேட்டு, படகேறும் முன்பே மாத்திரை போட்டுக்கொள். வாந்தி தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு: ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிடு. ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறுகின்றன. வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகள் மணலிலிருந்து வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ அதைக் கடலென்று எண்ணி நகரும். செல்போன் டார்ச் போதும், அவை ஊரை நோக்கித் திரும்ப. ஒரே ஒரு ஃபிளாஷால் என்ன கெட்டுவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அதே இரவில் அதே கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் அதையே சொன்னால் கரை இருட்டாக இருப்பது எப்படி? வெளிச்சமில்லாமல் படம் கிடைக்காதே என்பது அடுத்த வாதம். வனத்துறையின் பொரிப்பகங்களிலிருந்து குஞ்சுகளைப் பெரும்பாலும் விடியலிலோ அந்தியிலோ விடுகிறார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போனால் இயற்கை வெளிச்சமே போதும். இரவில் முட்டையிடும் ஆமையின் படம் உனக்குக் கிடைக்காமல் போகலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பென்சிலும் குறிப்பேடும் அளவுநாடாவும் பலருக்கு வீண்சுமையாகத் தோன்றும்; ஆனாலும் அவை பையில் இருக்கட்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அப்படி ஒன்றைக் கண்டால், தொடாமல், பக்கத்தில் நாடாவை நீட்டி வைத்துப் படமெடு, இடமும் நாளும் நேரமும் எழுது, வனத்துறைக்குச் சொல். பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது. அழகான படத்தைவிட அந்தக் குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படும். திரும்பும்போது பவளத்துண்டோ காய்ந்த கடற்குதிரையோ பையில் ஏறக்கூடாது; இரண்டும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

தை மாதம் இட்ட முட்டை 45 முதல் 60 நாளில் பொரியும். பங்குனியில் ஒரு விடியற்காலை கடலூர்க் கரைக்குப் போய்ப் பார்.

அன்புடன்,
உன் அண்ணன்