கை கால் இயலாதவருக்கு மனத்தெம்பும் வேண்டும்



அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் லயம் லயமாகப் போகும்போது நாங்கள் ஒன்றைக் கவனிக்கிறோம். மலையில் விழுந்து இடுப்பு முறிந்தவர், சீனி வியாதியால் கால் எடுக்கப்பட்டவர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயலாமல் போனவர் என்று பலர் காம்பராவிலேயே இருக்கிறார்கள். மருந்து கிடைக்கிறது, சாப்பாடும் கிடைக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் குறைவு.

2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற ஏதாவதொன்றில் சிரமம் உண்டு. ஊனத்தோடு வாழ்பவருக்கு மனச்சோர்வு வரும் அபாயம் மற்றவரைவிட இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஏன் இப்படி? ஊனம் மட்டும் காரணம் அல்ல. காலையில் பெரட்டு, பகலில் மலை, பின்னேரம் கொழுந்து மடுவம் என்று ஆளோடு ஆளாக இருந்தவர், இப்போது நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கையில் சம்பளம் இல்லை. படிக்கட்டும் சறுக்குப் பாதையும் கோயிலுக்குப் போகவும் விடுவதில்லை. "நான் வீட்டுக்குப் பாரமாப் போயிட்டேன்" என்ற நினைப்பு அங்கேதான் வேர் விடுகிறது.

அடையாளங்கள்

தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பேசாமல் இருப்பது, எதற்கும் எரிச்சல், குடி கூடுவது. இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சோம்பல் என்று ஏசாதீர்கள். செய்வினை என்று அலையவும் வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வைத்தியத்தால் சுகமாகக் கூடிய நோய் அது.

நாம் செய்ய வேண்டியவை

1. "ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க" என்று வாயை அடைக்காமல், "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பொறுமையாகக் காது கொடுங்கள்.

2. இயன்ற வேலையை அவரிடம் விடுங்கள். கீரை ஆய்வதோ, பிள்ளைகளின் பாடம் பார்ப்பதோ போதும். குடும்ப விஷயங்களில் அவருடைய அபிப்பிராயத்தையும் கேளுங்கள்.

3. அவருக்கு விருப்பமென்றால் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். பக்கத்து லயத்து வாலிபர்கள் கைகொடுக்கலாம்.

4. தோட்ட மருந்து வீட்டில் சொல்லி, ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

5. "செத்தா தேவல" என்று சொன்னால் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். தனியே விடாமல், உடனே உதவி தேடுங்கள். பூச்சி மருந்து, களை மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். கடும் நச்சு மருந்துகளை அரசாங்கம் 1995இல் தடை செய்தது. அடுத்த பத்து வருடத்தில் நாட்டில் தற்கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எட்டாத நஞ்சு எத்தனையோ உயிரைக் காப்பாற்றும்.

6. அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ களைத்துப் போவார். ஒரு மணித்தியாலமாவது அவருக்கு ஓய்வு கொடுங்கள்.

வேலையிலும் படிப்பிலும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வீட்டிலும் லயத்திலும் ஒதுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. இந்தப் பாடத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் லயத்தில் வெளியே வராமல் இருப்பவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தேத்தண்ணி குடிக்க அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.