மணலுக்கு ஒரு கணக்கு, மலைக்கு வேறு கணக்கு

பாலசமுத்திரம் பக்கம் நிலத்தடி நீர் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு:

1. எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். தெற்கே எழும் பழநி மலை சார்னகைட் பாறை. பாலாறு பொருந்தலாறு அணைக்குக் கீழே ஆற்றில் கிடப்பது மணல். மணியின் பருமனையும் நுண்துளைமையையும் வைத்து ஊடுருவுதிறன் சொல்லும் சூத்திரங்கள் மணலுக்கே உரியவை.

2. களிமண்ணில் பாதிக்குப் பாதி வெற்றிடம் இருக்கும்; நீர் நகராது. துளை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு பெரிது என்பதே முக்கியம்.

3. கோசெனி 1927-இல் தொடங்கி, கார்மன் 1937-இல் செம்மைப்படுத்திய சூத்திரத்தைக் கையால் போட்டுப் பழகுங்கள். மணியின் விட்டத்தின் வர்க்கத்தை நுண்துளைமையின் மூன்றாம் அடுக்கால் பெருக்குங்கள். ஒன்றிலிருந்து நுண்துளைமையைக் கழித்து, வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, வந்ததைக் கொண்டு முன்னதை வகுங்கள். அரை மில்லிமீட்டர் மணல், 35 விழுக்காடு நுண்துளைமை என்றால் விடையை ஊடுருவுதிறனின் அலகான டார்சிக்கு மாற்றும்போது 140-க்குச் சற்று மேலே வரும். அதே மணல் இறுகி 25 விழுக்காடானால் 40 டார்சிக்கு இறங்கிவிடும். மணி பாதியானால் விடை கால் பங்கு. இந்தச் சரிவு மனதில் பதிந்தால்தான் அளவெடுக்கும்போது கை கவனமாக இருக்கும்.

4. சராசரிப் பருமனை எடுக்காதீர்கள். பெரிய மணிகளின் இடுக்கைப் பொடிமணல் அடைத்துவிடும். அதனால்தான் ஹேசன் 1892-இலேயே, எடையில் பத்து விழுக்காடு எந்தப் பருமனுக்குக் கீழே நிற்கிறதோ அதைப் பிடித்தார். சலிக்கும் முன் மணலைக் கழுவி, ஒட்டியிருக்கும் வண்டலைத் தனியே எடை போடுங்கள். அதைக் கொட்டிவிட்டால் கணக்கே பொய்.

5. மலைப்பாறையில் மணிகளுக்கிடையே துளை இல்லையென்றே சொல்லலாம். நீர் ஓடுவது விரிசலில். விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. அங்கே சல்லடைக்கு வேலையில்லை. விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு இடைவெளியில் வருகிறது, மண் அடைத்திருக்கிறதா என்று பாறை முகத்தில் நாள் முழுக்க அளந்தாலும் தகும்.

6. நீரின் வெப்பநிலையையும் குறியுங்கள். கொடைக்கானல் குளிரில் 15 பாகையில் இருக்கும் நீரைவிட, அடிவாரத்தில் 30 பாகையில் இருக்கும் நீர் அதே மணலில் சுமார் 40 விழுக்காடு விரைவாக ஓடும்.

7. விடையை ஒற்றை எண்ணாக எழுதித் தராதீர்கள். குறைந்தது, கூடியது இரண்டையும் எழுதுங்கள். பிறகு ஒரு கிணற்றில் மோட்டார் ஓட்டி, நீர்மட்டம் இறங்குவதையும், நிறுத்தியபின் ஏறுவதையும் நேரம் குறித்து அளங்கள். கணக்கும் கிணறும் ஒத்துவராவிட்டால் கிணறு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.