ஐந்து பக்கமும் இருபத்தாறு ஆண்டும்

உகப்பாக்கத்தில் ஆய்வுக்கு வந்திருக்கும் இளம் நண்பருக்கு,

அடுத்து எந்தக் கேள்வியைக் கையில் எடுப்பது என்று யோசிக்கும்போது, எது அதிக மேற்கோள் பெற்றுத் தரும் என்ற கணக்குதான் முந்திக்கொண்டு வரும். அதை முடிவெடுக்கும் இடத்தில் உட்காரவிடாதீர்கள். ஒரு தேற்றம் பிறருக்கு எப்போது தேவைப்பட்டது என்பதை மேற்கோள் எண்ணிக்கை ஓரளவு சரியாகவே சொல்லும். அந்தத் தேவை என்று வரும் என்பது தேற்றத்தை நிரூபிப்பவர் கையில் இல்லை.

1983-ல் யூரி நெஸ்தெரொவ் சோவியத் அறிவியல் அகாதெமியின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்தே பக்கம். ஒரு குவிச் சார்பின் மிகக் குறைந்த மதிப்பைத் தேடுபவர், நிற்கும் புள்ளியில் சரிவைப் பார்த்து இறங்குவதே வழக்கம். கோஷி 1847-ல் காட்டிய வழி அது. நெஸ்தெரொவ், முந்தைய அடி போன திசையிலேயே இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளிப்போய், அங்கே சரிவை அளந்தார். அடிக்கு அடி கூடுதல் வேலை என்று பார்த்தால் சில கூட்டல் பெருக்கல்தான். ஆனால் அடிகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் குறைந்துவந்த பிழை, இப்போது அதன் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்தது. மாறிலிகளை ஒதுக்கிவைத்துச் சொன்னால், பத்தாயிரம் அடி நடக்க வேண்டிய இடத்தில் நூறு அடி போதும். இவ்வளவு அழகான முடிவை அன்று துறை பெரிதாகத் தேடி வரவில்லை. மறு ஆண்டே கர்மார்க்கரின் வழிமுறை வந்து, உட்புள்ளி முறைகளின் பக்கம் எல்லோரையும் இழுத்தது. நெஸ்தெரொவே நெமிரொவ்ஸ்கியோடு சேர்ந்து அங்கே பெரும்பணி செய்தார். அவை சில பத்துச் சுற்றுகளில் விடை தரும், ஆனால் சுற்றுக்கு ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தாக வேண்டும். படச் செயலாக்கத்திலும் இயந்திரக் கற்றலிலும் மாறிகள் லட்சக்கணக்கில் பெருகியபோது அது கட்டுப்படியாகவில்லை. மலிவான அடி தேவைப்பட்டது. 2009-ல் பெக்கும் டெபூலும் நெஸ்தெரொவின் 1983 கருத்தின்மேல் ஃபிஸ்டா முறையைக் கட்டினார்கள்; பழைய ஐந்து பக்கத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டில் நிரூபணத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

இது ஒற்றை விதிவிலக்கும் அல்ல. கரூஷ் 1939-ல் சிகாகோவில் முதுகலை ஆய்வேடாக எழுதிய, உகந்த தீர்வுக்கான நிபந்தனைகள், 1951-ல் கூனும் டக்கரும் வெளியிட்ட பிறகு அவர்கள் பெயரில்தான் வெகுகாலம் வழங்கின. டேவிடன் 1959-ல் ஆர்கான் ஆய்வகத்துக்கு எழுதிய அறிக்கை இதழில் அச்சேறியது 1991-ல். அதற்குள் ஃபிளெட்சரும் பவலும் 1963-லேயே அதிலிருந்த உகப்பாக்க முறையை உலகறியச் செய்திருந்தார்கள். மறுபக்கமும் உண்டு: ஒரு முடிவு எல்லோர் கையிலும் புழங்கத் தொடங்கிவிட்டால் மேற்கோளே நின்றுபோகும். சரிவிறக்கம் செய்கிற எல்லோருமா கோஷியின் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள்?

வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எண்ணைத்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்டால் கொடுங்கள், அதில் குற்றமில்லை. எண் இல்லாவிட்டால் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கும் மூத்தவர்களின் தயவில் நிற்க வேண்டும் என்ற வாதத்தையும் நான் மதிக்கிறேன். அந்த அநியாயம் உண்மையானது. ஆனால் கணிதத்தில் எண் என்ற இந்தக் கவசம் மெல்லியது. கட்டுரைகளும் மேற்கோள்களும் குறைவாக இருக்கும் துறை இது. சிலர் கூடி ஒருவரையொருவர் குறிப்பிட்டாலே வரிசை புரண்டுவிடும். இதே காரணத்தால், அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் 2023-ல் கணிதத்தையே நீக்கியது. அதற்காக, கவனிக்கப்படாததெல்லாம் காலத்தை முந்திய கட்டுரை என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் சொல்ல அதிகம் இருக்காது.

தேவை வரும் நாளில் உங்கள் கட்டுரையைத் திறப்பவர் பெரும்பாலும் வேறு துறைக்காரர். அவருக்காக எழுதுங்கள். எடுகோள்களை ஒன்றுவிடாமல் தேற்றத்திலேயே வையுங்கள், மாறிலிகளை மறைக்காதீர்கள். எந்த எடுகோளை விட்டால் முடிவு உடையுமோ, அங்கே ஓர் எதிர்க்காட்டை முழுதாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.