சீரத்தைக் கூட்டினால் தோல் செல் வளருமா?

ஆய்வகத் தட்டில் தோல் செல்கள் மந்தமாக இருந்தால் சீரத்தைக் கூட்டிப் பார் என்பது பரவலான நம்பிக்கை. சீரம் என்பது ரத்தத்தின் தெளிநீர். செல் வளர்ப்புக்குப் பெரும்பாலும் மாட்டின் கருவிலிருந்து எடுப்பார்கள். வளர்ச்சிக் காரணிகள் அதில் நிறைய உண்டு. அடித்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதில் செழிக்கும். மேல்தோலின் கெரட்டினோசைட் செல்களுக்கோ அதுவே தடையாகிவிடும்.

தடைக்குப் பெரிய காரணம் கால்சியம். 1980இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்னிங்ஸ், யுஸ்பா குழுவினர் சுண்டெலியின் மேல்தோல் செல்களில் இதை நிறுவினார்கள். வளர்ப்புத் திரவத்தில் கால்சியம் லிட்டருக்கு 0.1 மில்லிமோலுக்குக் கீழே இருந்தவரை செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவிப் பெருகின. 1.2 மில்லிமோலுக்கு உயர்த்தியதும் பெருகுவதை நிறுத்தின. ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, அடுக்கடுக்காக எழும்பி, முதிர்ந்து உதிர்ந்தன. உடம்பிலும் இப்படித்தான்: மேல்தோலின் அடியடுக்கில் கால்சியம் குறைவு, மேலே போகப்போக அதிகம். வழக்கமான வளர்ப்புத் திரவங்கள் பலவற்றில் 1.8 மில்லிமோல் இருக்கிறது. சீரத்திலும் கால்சியம் உண்டு. மேல்தோல் செல்களின் பெருக்கத்தை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதமும் உண்டு. ஆக, அந்தச் செல்கள் பசியால் வாடவில்லை, முதிர்ச்சியை நோக்கி விரட்டப்படுகின்றன. அதனால்தான் சீரத்திலிருந்து கால்சியத்தைப் பிசின் கொண்டு நீக்குகிறார்கள், அல்லது சீரமே இல்லாத திரவத்துக்கு மாறுகிறார்கள்.

சீரத்தை விடாமலே வெற்றி கண்ட வழியும் உண்டு. அது இன்னொரு நம்பிக்கையைத் தகர்த்தது: வேறு செல் எதுவும் கலக்காமல் தனித்து வளர்ப்பதே சிறந்தது என்ற நம்பிக்கையை. 1975இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 3டி3 என்ற சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவற்றால் இனிப் பிரிய முடியாது, ஆனால் உயிரோடு இருக்கும். அந்தத் துணைப் படுக்கையின் மேல் மனித மேல்தோல் செல்களை விதைத்தபோது, அதுவரை பிடிவாதமாக இருந்தவை கூட்டம் கூட்டமாகப் பெருகின. தோல் மாதிரியோடு ஒட்டிவரும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் பரவித் தட்டைக் கைப்பற்றுவதையும் அந்தப் படுக்கை கட்டுப்படுத்தியது. பிறகு 1977இல் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது செல்களின் ஆயுளே நீண்டது. 1983இல், உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் தீக்காயம் பட்ட சிறுவர்கள் இருவருக்கு, எஞ்சியிருந்த சொந்தத் தோலின் சிறு துண்டுகளிலிருந்து வளர்த்த மேல்தோலைப் பாஸ்டனில் ஒட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். செல் வளர்ப்பு வரலாற்றில் எனக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. அது சுண்டெலிச் செல்களின் துணையில்லாமல் நடந்திருக்காது.

தட்டு முழுக்க நிரம்பிய பிறகு பிரித்தால் அதிகச் செல் கிடைக்கும் என்பதும் தவறு. நெருக்கடியே மேல்தோல் செல்களை முதிரவைக்கும். முக்கால் பங்கு நிரம்புவதற்குள் ட்ரிப்சின் என்ற நொதியை இட்டுப் பிரித்துவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் ஊற்றியிருக்கிறோம், கிருமித்தொற்றே இருக்காது என்று நம்புகிறவர்களும் உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. சுவர் கட்டும் வேலையைத் தடுக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. திரவம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது, ஆனால் செல்களின் ஊட்டத்தை உறிஞ்சி வளர்ச்சியை மெல்லக் குறைக்கும். வளர்ச்சி தடைபடும்போது திரவத்தை மாற்றுவதற்கு முன்னால் மைக்கோபிளாஸ்மா சோதனையைச் செய்துவிடுங்கள்.