காப்பகத்தின் உடைமையும் சட்டத்தின் கடமையும்

மனநோயுற்றோரைப் பேணும் இல்லங்களை அரசு நடத்துகிறது, அறக்கட்டளைகள் நடத்துகின்றன, தனியாரும் நடத்துகின்றனர். உடைமையாளர் மாறுவதற்கேற்பச் சட்டத்தைப் பின்பற்றும் முறையும் மாறுகிறதா? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

தனியார் இல்லங்கள்

உரிமம் பெறாமல் மனநல இல்லம் நடத்தலாகாது என 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்தது. ஆயினும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த நோயாளரைத் தங்கவைக்கும் தனியார் இல்லங்கள் பல இயங்கிவந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டனர். கட்டணமே வருவாயாகும் இடத்தில் பணியாளரைக் குறைப்பது ஆதாயமாகிறது. அங்கே சங்கிலி, ஆட்கூலியை மிச்சப்படுத்தும் கருவியாகிவிடுகிறது.

அரசு இல்லங்கள்

ஆதாயம் கருதாத அரசு இல்லங்கள் குறையற்றவையா? அதே சட்டம் அரசு மனநல மருத்துவமனைகளுக்கு உரிமம் பெறுவதினின்று விலக்களித்திருந்தது. அவற்றுள் பல சிறைக்கூட அமைப்பிலேயே இருந்தமையைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நிறுவனம் தன் குறையை எளிதில் காண்பதில்லை.

அறக்கட்டளை இல்லங்கள்

இவற்றிற்கு நேரும் இடர் வேறு. நல்லோர் நடத்துவதால் சோதனை வேண்டுவதில்லை என ஊரார் எண்ணிவிடுகின்றனர். கேள்வி கேட்பதே அவமதிப்பாகக் கருதப்படுகிறது. நல்லெண்ணம் பசியைப் போக்கலாம். தீ பிடித்தால் பூட்டிய கதவை அது திறக்காது.

முடிவுரை

ஏர்வாடித் துயரை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, மாநிலந்தோறும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்க 2002இல் ஆணையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு, அறக்கட்டளை, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மனநல நிறுவனங்களும் பதிவு பெறவேண்டும் என்கிறது, சங்கிலியிடுவதையும் தடைசெய்கிறது.

உடைமையின் வகை, விதிமீறலின் காரணத்தை மாற்றுகிறதேயன்றிக் கண்காணிப்பின் தேவையை மாற்றுவதில்லை என்பது இதனால் புலனாகும். ஆதலின், காப்பகங்களுக்குப் பொருளுதவி நல்கும் பெரியோரும் தொண்டாற்றச் செல்லும் மாணவரும் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். பதிவுச் சான்று உள்ளதா? இரவில் பணியாளர் எத்தனை பேர்? உள்ளிருப்போர் வெளியேறக் கதவு திறக்குமா? இல்லம் எவருடையதாயினும், அங்குள்ள உயிர்கள் நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.