காகித ஃபில்டரும் கறுப்பு எண்ணெயும்: வீட்டிலேயே ஆயில் மாத்தலாம் வாங்க

உங்க வீட்டு கார் மாருதி பெட்ரோலா இருந்தா, அதோட ஆயில் ஃபில்டர் பெரும்பாலும் ஒரு தகர டப்பா. திருகிக் கழட்டி, புதுசைத் திருகினா வேலை முடிஞ்சது. ஆனா 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட், ஹூண்டாயின் டீசல் கார்கள் மாதிரி வண்டிகளில் அந்த டப்பாவைத் தேடினா கிடைக்காது. இன்ஜினிலேயே ஒரு கூடு இருக்கும், அதுக்கு ஒரு மூடி, மூடிக்குள்ள மடிப்பு மடிப்பா ஒரு காகித உருளை. இதுதான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர். இந்த வாரம் நாம மாத்தப் போறது இதைத்தான்.

இது ஏதோ புது டெக்னாலஜின்னு நினைச்சுடாதீங்க. டப்பா ஃபில்டர் 1950-களில்தான் பரவலாச்சு. அதுக்கு முன்னாடி பல வண்டிகளில் கூட்டுக்குள்ள மாத்துற ஃபில்டர்தான். இப்ப அது திரும்பி வந்திருக்கு. காரணம் எளிது: ஒவ்வொரு முறையும் தகரத்தைத் தூக்கிப் போட வேண்டாம், காகிதத்தை மட்டும் மாத்தினா போதும். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் செஞ்ச கம்பெனியோட 350 சிசி வண்டியிலும் காகித உருளையும் ஓ-ரிங்கும்தான். அதனால ஹாஸ்டல் பார்க்கிங்கில் நிற்கிற சீனியரோட புல்லட்டில் கைப்பழக்கம் பண்ணிக்கலாம் (அவர்கிட்ட கேட்டுட்டு!).

டப்பா ஃபில்டரில் பைபாஸ் வால்வு பெரும்பாலும் டப்பாவுக்குள்ளயே இருக்கும். கார்ட்ரிட்ஜில் அது இன்ஜின் கூட்டிலோ மூடியிலோ இருக்கும். இந்த வால்வு எதுக்கு? காகிதம் அடைச்சுக்கிட்டா ஆயில் உள்ளே போக முடியாம ஃபில்டரின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் ஏறும். ஓர் அளவைத் தாண்டினதும் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பிடும். ஆயிலே இல்லாம ஓடுறதை விட அழுக்கு ஆயில் மேல்ங்கிற கணக்கு. ஆக, ஃபில்டர் அடைச்சா வண்டி நிற்காது, எந்த விளக்கும் எரியாது, ஆனா உள்ளே தேயும். ஃபில்டர் மாத்துறதைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

அதுவும் நம்ம ஏரியாவில். கார் மேனுவலில் கடினமான ஓட்டம்னு ஒரு பகுதி இருக்கும், பாருங்க. தூசி, நின்னு நின்னு போறது, நிறைய நேரம் ஐட்லிங், குட்டிக் குட்டிப் பயணம். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாடி எண்ணூர் விரைவுச் சாலையில் ஊர்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். மேனுவலில் 10,000 கிலோமீட்டர்னு போட்டிருந்தாலும், கடினமான ஓட்டத்துக்கான குறைஞ்ச கணக்கைத்தான் நாம எடுத்துக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம். சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனா வண்டி மாடலோட வருஷத்தையும் சொல்லி ஃபில்டர் கேளுங்க. பெட்டியைக் கடையிலேயே திறந்து, உள்ளே ஓ-ரிங் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர், மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில், மூடிக்குப் பொருந்துற சாக்கெட், டார்க் ரெஞ்ச், அகலமான தட்டு, பனியன் வேஸ்ட்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓட விடுங்க. ஆயில் இளகினா அழுக்கையும் சேர்த்துக்கிட்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துடும். வண்டியைத் தூக்கணும்னா ஸ்டாண்டு வெச்சு, தரையில் இருக்கிற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் கீழே போகணும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்காதீங்க. இதில் விளையாட்டே கிடையாது.

ஃபில்டர் மேல்பக்கம் இருக்கிற இன்ஜினில் முதலில் மூடியை இரண்டு மூணு சுத்து தளர்த்துங்க. கூட்டில் தேங்கின ஆயில் சம்ப்புக்கு இறங்கிடும், மூடியை எடுக்கும்போது இன்ஜின் மேல வழியாது. அப்புறம் கீழே தட்டு வெச்சு டிரெயின் பிளக்கைக் கழட்டுங்க. வடியுற நேரத்தில் மூடியை முழுசா எடுத்து, பழைய காகிதத்தை உருவுங்க. சில வண்டிகளில் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அது இன்ஜினோட பாகம், ஃபில்டரோட சேர்த்துத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்ப ஓ-ரிங். கார்ட்ரிட்ஜ் ஃபில்டரில் லீக் வர்றதுக்கு முக்கியமான இடம் இதுதான். பழைய ரிங் சூட்டில் தட்டையாகி விறைச்சிருக்கும். அதை உலோகக் கம்பியால நெம்பினா பள்ளத்தில் கீறல் விழும். மர டூத்பிக் போதும். எந்தப் பள்ளத்தில் இருந்து எடுத்தீங்களோ அதே பள்ளத்தில்தான் புதுசு உட்காரணும். பக்கத்து மறையில் உட்கார்ந்தா பார்வைக்குச் சரியா இருக்கும், ஓட்டினதும் ஆயில் பீச்சும். சில மூடிகளின் தண்டில் இன்னொரு குட்டி ரிங் இருக்கும், அதையும் மாத்துங்க. புது ரிங்கில் புது ஆயிலை விரலால தடவணும். காஞ்ச ரப்பர் முறுக்கிக்கும்.

மூடியை முதலில் கையாலேயே திருகுங்க. அப்புறம் டார்க். பல மூடிகளின் தலையிலேயே 25 நியூட்டன் மீட்டர்னு அச்சடிச்சிருக்கும். இல்லேன்னா மேனுவலில் பாருங்க. 25 நியூட்டன் மீட்டர்னா எவ்வளவு? 25 சென்டிமீட்டர் கைப்பிடியோட முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. அவ்வளவுதான்! கொஞ்சம் பலமா ஒரு இழுப்பு இழுத்தாலே இதைப் போல இரண்டு மூணு மடங்கு வந்துடும். பிளாஸ்டிக் மூடி அதைத் தாங்காது. சீல் பண்றது ஓ-ரிங், உங்க புஜபலம் இல்லை.

டிரெயின் பிளக்கைப் புது வாஷரோட இறுக்கி, ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணுங்க. காகிதம் காஞ்சிருக்கிறதால ஆயில் விளக்கு அணைய சில வினாடி கூட ஆகலாம். அதுக்கு மேலயும் எரிஞ்சா உடனே நிறுத்துங்க. அணைஞ்சதும் மூடியைச் சுத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக். டீசல் வண்டியில் புது ஆயில் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துடும். அது மிச்சமிருந்த கரித்தூள், கடைக்காரர் ஏமாத்தலை.

பழைய காகிதத்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி மடிப்பை விரிச்சு வெயிலில் பிடிங்க. டப்பாவை அறுத்தால்தான் கிடைக்கிற தகவல் இதில் சும்மா கிடைக்குது. வெறும் கறுப்புன்னா நல்லது. ஜிகினா மாதிரி உலோகத் துகள் மின்னினா பேரிங் பக்கம் பிரச்சினை இருக்கலாம், மெக்கானிக்கைப் பாருங்க.

மீதி இருக்கிறது தட்டில் மூணு லிட்டருக்கு மேல கறுப்பு எண்ணெய். இதைச் சொல்லத்தான் இந்தப் பாடத்தையே எடுத்தோம். 2017 ஜனவரி 28 அன்னிக்கு எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதினப்போ, எர்ணாவூர் கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால எண்ணெயை அள்ளினாங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துக்குப் போச்சு. படகும் வலையும் கறுத்து, பிடிச்ச மீனை வாங்க ஆள் இல்லாம நின்ன குப்பங்களிலிருந்து நம்ம கிளாஸுக்கே வர்றவங்க இருக்காங்க. தெரு ஓர வடிகாலில் ஊத்துற ஆயிலுக்கும் அந்தக் கால்வாய்க்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்லுது.

அதனால ஆயில் வந்த கேனிலேயே பழைய ஆயிலை ஊத்தி மூடுங்க. தண்ணியோ பெட்ரோலோ கலக்காதீங்க, கலந்தா மறுசுத்திகரிப்பு கஷ்டமாகிடும். ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வெச்சு வடிச்சு, அதையும் அதே கேனில் சேருங்க. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்கிட்டதான் போகணும். 2024 ஏப்ரலிலிருந்து அதுக்கு உற்பத்தியாளர்களும் பொறுப்பு. அதனால டிரம் வெச்சுச் சேகரிக்கிற சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்க. கொடுக்கும்போது, டிரம்மை எடுத்துப்போறது யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா அடுத்த சென்டருக்கு வண்டியை விடுங்க.